கருங்கொண்டலில் கழிப்பறை இல்லை

ஒரு கேள்வி. முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். நீங்கள் இதுவரை படித்த வீரநாயகிகளை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: வாள் சுழற்றியவள், கடலைக் கலக்கியவள், கொடுங்கோலனின் கோட்டையைத் தனியாளாகக் கொளுத்தியவள். இவர்களில் ஒருத்தியாவது, ஒரே ஒரு முறையாவது, சிறுநீர் கழித்திருக்கிறாளா?

நிதானமாக யோசியுங்கள். அவசரமில்லை. அவளுக்குத்தான் அவசரமே கிடையாதே!

வீராங்கனை வளர்ப்போர் என்றோர் இனம் நம் நாட்டில் பெருகி வருகிறது. கோழி வளர்ப்போர், இறால் வளர்ப்போர் போல இவர்களும் ஒரு குறுகிய இடத்துக்குள் வைத்தே வளர்க்கிறார்கள். அந்த இடம் முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குள் அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரை வேண்டுமானாலும் வெட்டலாம், எந்த அரசனை வேண்டுமானாலும் 'அடேய்' என்று கூப்பிடலாம். அட்டையைத் தாண்டி ஒரு விரல் வெளியே நீண்டால் போதும், வளர்த்தவருக்கு வேர்த்துவிடும்.

இவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கட்டாயமில்லை, வழக்கம். மார்ச் மாதம் பிறந்தால் தொண்டை கட்டும் வரை கூட்டங்களில் பேசுவார்கள். "நம் பெண் பிள்ளைகளுக்கு இன்று ஒரு முன்மாதிரி தேவை" என்று தொடங்குவார்கள். "பெண் என்பவள் நெருப்பு" என்பது நடுவில் வரும். வந்த கையோடு மேடையின் ஓரமாகத் திரும்பி, "அந்தப் பொண்ணாண்ட சொல்லி நாலு காபி எடுத்தாரச் சொல்லுப்பா" என்பார்கள். நெருப்பு காபி கொண்டு வரும். சூடாகத்தான் இருக்கும்.

இவர்கள் படைக்கும் நாயகிக்கு வயது பதினேழு. அதற்கு மேல் ஒரு நாள் ஆகாது. தாய் இருக்க மாட்டாள். இருந்தால் 'சாப்பிட்டாயா' என்று கேட்டுக் கதையின் வேகத்தைக் கெடுப்பாள். கூந்தல் முழங்கால் வரை, அதுவும் அவிழ்ந்து. ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும், அவிழ்ந்த கூந்தலோடு பாய்மரக் கயிறுகளுக்கு நடுவில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்வாள். யார் கேட்பது? நாயகிக்குப் பசிக்காது. சளி பிடிக்காது. வாள்வெட்டு தோளில் விழும், முகத்தில் விழாது. மாதத்தின் எல்லா நாளும் அவளுக்கு ஒரே மாதிரியான நாள்தான்.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து மேசைமேல் வைத்துப் பார்ப்போமா?

பூவராகவன். மணவாள நகரில் சொந்த வீடு, திருவாலங்காட்டுப் பக்கம் குத்தகைக்கு விட்ட நெல் வயல், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உத்தியோகம். ஒரு காரின் உடம்புக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் சடை பின்னுவது போலப் பின்னிக் கொடுக்கும் கம்பெனி அது. பின்னுகிறவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பெண்கள். அவர்களை மேய்க்கிற எச்.ஆர். மேலாளர் நம்மவர். பெண்கள் கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்து வருகிறார்கள். பூவராகவன் கம்பெனி காரின் பின்சீட்டில் சாய்ந்து வருகிறார். அந்தப் பின்சீட்டில், கைப்பேசியில் கட்டை விரலால் தட்டித் தட்டி, அவர் எழுதி முடித்த நாவல்தான் 'கருங்கொண்டல்'. இளையோருக்கான கடற்கொள்ளைப் புதினம். அவருடைய புனைபெயர் கடலரசன்.

கடலரசன் கடலுக்குள் போனதில்லை. ஆராய்ச்சிக்காக ஒருமுறை பழவேற்காடு ஏரியில் படகு ஏறினார். படகு கரையை விட்டு நகர்ந்ததும் காலை நாஷ்டாவை ஏரிக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, "நைனா, திருப்பு, திருப்பு" என்று படகோட்டியின் காலைப் பிடித்தார். ஆனாலும் அனுபவம் வீண்போகவில்லை. புயல் அத்தியாயம் அதிலிருந்துதான் பிறந்தது. அதில் மாலுமிகள் அத்தனை பேரும் வாந்தியெடுக்க, நாயகி அலைநாச்சி மட்டும் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறாள்.

நாவலில் என்ன இல்லை? கருங்கொண்டல் என்பது கப்பலின் பெயர். அதன் பாய்களுக்கு என்ன சாயம் தோய்த்தார்கள், சமையலறையின் எந்த மூலையில் கருவாடு தொங்கியது, தலைவனின் அறையில் எத்தனை முத்துச்சரம், எல்லாம் இருக்கிறது. கடல் பூதம் வருகிறது. பேசும் கூழைக்கடா ஒன்று அலைநாச்சியின் தோழியாக வருகிறது. அது இரண்டாம் அத்தியாயத்திலேயே எதிரித் தளபதியின் தொப்பி மேல் எச்சமிடுகிறது, அதைத் துடைக்கிற வேலைக்காரர்களின் புலம்பல் அரைப் பக்கம் ஓடுகிறது. பூதத்தைப் பற்றிப் புகார் இல்லை. பூதக் கதையில் பூதம் வரத்தான் வேண்டும். பறவைக்குக்கூட வயிறு உண்டு என்று தெரிந்த எழுத்தாளருக்கு, அத்தனை பக்கங்களில் நாயகிக்கு ஒரு மறைவிடம் கட்டித் தர வேண்டும் என்று தோன்றவில்லையே, அதைத்தான் நம்ப முடியவில்லை.

பூவராகவனுக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ப் பீப்பாய் அத்தியாயம். கப்பலின் கொடிய தலைவன் கரும்பல்லன், குடிதண்ணீர்ப் பீப்பாயைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொள்கிறான். ஒரு மடக்குத் தண்ணீருக்கு மாலுமிகள் அவன் முன்னால் போய் நின்று தலை சொறிய வேண்டும். அலைநாச்சி ஒரே பாய்ச்சலில் அந்தச் சாவியைப் பறித்துக் கடலில் எறிகிறாள், பீப்பாயை வாளால் பிளக்கிறாள், முழங்குகிறாள்: "உடம்பின் தேவைக்கு உத்தரவு கேட்க வைப்பவன் தலைவனல்ல. அவன் சிறைக்காவலன்!"

இதை எழுதியபோது பூவராகவன் அழுதுவிட்டார். உண்மையாகவே அழுதார். கார், கம்பெனி வாசலில் போய் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது லைன் சூப்பர்வைசர் குப்புராஜ் காத்துக்கொண்டிருந்தார்.

"சார், பொண்ணுங்க டோக்கன எடுத்துகினு போனா லேசுல திரும்ப மாட்டேங்குதுங்க. லைனு நின்னுபூடுது சார். ஒரே பேஜாரு."

"டைம் போடுங்க குப்புராஜ்" என்றார் பூவராகவன், மூக்கை உறிஞ்சியபடி. "தாண்டினா பேரை எழுதிக் குடுங்க."

டோக்கன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமல்லவா? லைன் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் பலகைகளின் வரிசை. அதன் இரு புறமும் பெண்கள் நின்றபடி ஒயர் பின்னுகிறார்கள். ஒருத்தி நகர்ந்தால் அவள் இடத்தில் நிற்க மாற்றாள் வேண்டும். மாற்றாள் லைனுக்கு ஒருத்திதான். ஆகவே டோக்கனும் ஒன்றுதான். சிவப்புப் பிளாஸ்டிக் அட்டை, உள்ளங்கை அளவு, கயிறு கோத்தது. சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போக வேண்டியவள் கையை நீட்ட வேண்டும், குப்புராஜ் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டும் வரை மற்றவர்களுக்கு உடம்பு என்ற ஒன்று இருக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பூவராகவன். அதில் அவருக்குப் பெருமை. "முன்னாடியெல்லாம் பிள்ளைங்க வாய்விட்டுக் கேக்கணும் சார், கூச்சப்பட்டாங்க. இப்ப பாருங்க, வாயே திறக்க வேண்டாம். கழுத்துல மாட்டினா போதும், எல்லாருக்கும் தெரிஞ்சுடும்" என்று வருகிற விருந்தினரிடமெல்லாம் விளக்குவார். பெண்களின் மானத்தைக் காப்பாற்றியதாகவே அவர் நம்பினார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை.

பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

மூன்றாவது லைனில் நந்தினி என்ற பெண் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி. காலையில் பஸ் ஏறினால் மாலை வீடு போகிற வரை ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டாள். ஒரு நாள் பலகை முன்னாலேயே சுருண்டு விழுந்தாள். குளிர் ஜுரம், இடுப்பைப் பிளக்கும் வலி. மூத்திரப் பாதையில் தொற்று, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்றும் சொன்னார்.

பூவராகவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். மனிதாபிமானம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆப்பிள் வாங்கிப் போனார். கூடவே 'கருங்கொண்டல்' ஒரு பிரதி. முதல் பக்கத்தில், 'தங்கை நந்தினிக்கு, அலைநாச்சி போல் மீண்டெழுக!' என்று எழுதிக் கையொப்பமிட்டார். படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார். அது வேறு துறை.

நந்தினிக்குப் படிக்கத் தெம்பில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தவள் அவளுக்குப் பக்கத்துப் பலகையில் நிற்கும் சுகிர்தா. வள்ளூர்ப் பெண், அப்பா அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. சுகிர்தாவுக்கு வாய் நீளம். பயிற்சிக்காலம் முடியவில்லை, வாயைக் கொஞ்சம் கட்டு என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சொன்னவர்கள் கதைப் புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பொய் சொல்லக் கூடாது: கதை அவளுக்குப் பிடித்திருந்தது. தான் படித்ததோடு நில்லாமல், நந்தினி வேலைக்குத் திரும்பிய பிறகு கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி கதை சொல்லவும் ஆரம்பித்தாள். கடல் பூதம் வருகிறதா என்று பார்க்க அலைநாச்சி பாய்மரத்தின் உச்சியில் ஏறி உட்காருகிற கட்டம் வந்தது.

"மூணு நாளு மேலயே குந்திக்கினு கீறாடி. எறங்கவே இல்ல."

"சோறு?" என்றாள் முன்சீட்டு மேரி அக்கா. லைனில் எல்லோருக்கும் மூத்தவள்.

"கூழைக்கடா மீனு புட்சாந்து குடுக்குதுக்கா."

"சரி, தின்னா. அப்பால?"

"அப்பால இன்னா?"

"மூணு நாளு தின்னுகினே குந்தினு இருந்தா இன்னா ஆவும்? கீழ நின்னவன் கதி இன்னாடி?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நந்தினி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத சுகி, தண்ணி குடிச்சுட்டு வந்துகீறேன்" என்றாள். டாக்டர் சொன்னாரே என்று வீட்டிலிருந்து குடித்து வந்திருந்தாள். குடித்துவிட்ட பயம் முகத்தில் இருந்தது. திருடியதுபோல.

சுகிர்தாவின் சிரிப்பு அதோடு நின்றது. புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். எதையோ தேடினாள். கம்பெனி வாசல் வருகிற வரைக்கும் தேடினாள். கிடைக்கவில்லை.

மார்ச் எட்டு, மகளிர் தினம் வந்தது.

கேன்டீன் கூடத்தைப் பூவராகவன் கப்பலாக மாற்றியிருந்தார். அட்டையில் செய்த பாய்மரம், துணிப் பாய், 'அலைநாச்சியர் தினம்' என்று பளபளக்கும் பேனர். வந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் வெள்ளித்தாள் சுற்றிய ஓர் அட்டை வாள். முதல் வரிசையில் எம்.டி. அவருக்குப் பிடித்துப்போனால் நாவலை எல்லாக் கிளைகளுக்கும் வாங்கிப் போடுவார், பிறகு விருதுக்கு அனுப்பலாம் என்பது பூவராகவனின் கணக்கு. வாசல் ஓரமாகக் குப்புராஜ் நின்றார். விழாவுக்கு விடுமுறை உண்டு, விதிக்கு விடுமுறை இல்லை. மூன்றாவது லைன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பூவராகவன் தண்ணீர்ப் பீப்பாய் அத்தியாயத்தை வாசித்தார். கரும்பல்லன் கழுத்தில் தொங்கிய சாவியைப் பற்றிப் படித்தபோது கூடத்தில் ஒரு சலசலப்பு. தலைகள் ஒவ்வொன்றாகக் குப்புராஜ் பக்கம் திரும்பின. "உடம்பின் தேவைக்கு உத்தரவு கேட்க வைப்பவன்" என்ற வரி வந்ததுதான் தாமதம், கைதட்டல் கூரையைத் தூக்கியது. அட்டை வாள்கள் எல்லாம் மேலே எழுந்தன. யாரோ ஒருத்தி விசிலடித்தாள். பூவராகவனுக்குக் கண் கலங்கியது. தன் எழுத்து இப்படிப் பாயும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இலக்கியம் வென்றது என்று நினைத்துக்கொண்டார். எம்.டி. பக்கம் பணிவாக ஒரு பார்வை பார்த்தார்.

"யாராவது கேள்வி கேட்கலாம், தங்கைகளே! அலைநாச்சி அஞ்சுவாளா? நீங்களும் அஞ்ச வேண்டாம்!"

சுகிர்தா எழுந்தாள். மைக்கை வாங்கினாள்.

"சார், கதை சூப்பர் சார்."

"நன்றிம்மா, நன்றி."

"ஒரு டவுட்டு சார். அலைநாச்சி பாய்மரத்து மேல மூணு நாளு குந்திகினு இருக்கா. அப்பால மீன் கூடையில ஒளிஞ்சுகினு ஒரு நாளு. கரும்பல்லன் கட்டிப்போட்டப்ப ஒரு ராத்திரி ஒரு பகலு. ஒன்னுக்குப் போவணும்னா எங்க சார் போவா?"

கூடம் முழுக்க வெடித்தது சிரிப்பு. மேரி அக்கா வாளால் பக்கத்தில் இருந்தவளை அடித்து அடித்துச் சிரித்தாள். எம்.டி. தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பூவராகவனின் முகம் சிவந்தது. அவருக்கு வந்தது கோபமல்ல, அருவருப்பு. தன் கடலின்மேல், தன் நிலவொளியின்மேல், இந்தப் பெண் எதையோ கொண்டுவந்து கொட்டிவிட்டாள்.

"அம்மா, இது இலக்கியம். கதைக்குத் தேவையில்லாததை எழுத மாட்டோம்."

"கூழைக்கடா போவுதே சார். அரைப் பக்கம் எழுதிகீறீங்க."

"அது நகைச்சுவை. அலைநாச்சி வீராங்கனை. லட்சியத்தில் மனம் நின்றால் உடம்பு ஞாபகம் வராது."

சுகிர்தா இதை யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "ஓ" என்றாள். "அதான் சார் எங்களுக்கு லைனுக்கு ஒரு டோக்கன் வெச்சிகீறீங்களா? நாங்களும் அலைநாச்சின்னு நெனச்சிக்கினீங்களா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சி அத்துடன் ஏதாவது ஒரு நன்றியுரையில் முடிந்திருக்கும். 'கேள்வி கேட்கும் துணிவைப் பாராட்டுகிறேன்' என்பது பூவராகவனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் மூன்றாவது வரிசையில் நந்தினி எழுந்தாள். அவளுக்குக் கேள்வி எதுவும் இல்லை. காலையில் குடித்த தண்ணீர்தான். இத்தனை நேரம் பொறுத்தாள், இனி முடியாது. வாளை நாற்காலியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். அங்கே குப்புராஜ் முன்னால் நின்று, பழக்க தோஷத்தில், கையை நீட்டினாள்.

லைன் ஓடவில்லை. பலகை நகரவில்லை. விழா நாள். ஆனாலும் கை நீண்டது. அதைவிடக் கொடுமை, குப்புராஜும் பழக்க தோஷத்தில் கழுத்திலிருந்து டோக்கனைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

கூடம் முழுக்கப் பார்த்தது. எம்.டி. பார்த்தார்.

"என்ன அது?" என்றார் எம்.டி.

"டிசிப்ளின் சார்" என்றார் பூவராகவன்.

நந்தினி அட்டையைக் கழுத்துக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணில் நீர் முட்டியது. சுகிர்தா மைக்கை இறக்கவில்லை.

"இன்னாடி முழிக்கிற? அத அவராண்டயே குட்த்துட்டு போடி! ஒன்னுக்குப் போக கழுத்து எதுக்குடி?"

நந்தினி அட்டையைக் குப்புராஜ் கையில் திருப்பி வைத்தாள். போனாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.

பின்னாலேயே மேரி அக்கா எழுந்தாள். "எனக்கும் வருது" என்று பொதுவாக அறிவித்துவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி. பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிட்டன. வந்தவர்களுக்கு வந்தது, வராதவர்களுக்கும் வந்தது. எத்தனையோ வருஷமாக அடக்கியது எல்லாம் ஒன்றாக வந்ததுபோல் ஒரு கப்பல் நிறைய மாலுமிகள் அட்டை வாள்களோடு கழிப்பறையைக் கைப்பற்றப் போனார்கள். அங்கே கதவுகள் சொற்பம். கூடத்தின் வாசல் வரை வரிசை நின்றது. தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியில் நின்றவள் வாளைக் குறுக்கே வைத்துக் காவல் காத்தாள். விழாவில் அந்த வாள்கள் பயன்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

மேடையில் கடலரசன் தனியாக நின்றார். பின்னால் துணிப் பாய், மின்விசிறிக் காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது.

கலகம் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, கண்ணெதிரே நடந்தது கலகம் என்று தெரிந்ததா? இல்லை. ஒழுங்கீனம் என்று தெரிந்தது. மறுநாள் எம்.டி. கூப்பிட்டு, அந்தச் சிவப்பு அட்டையை ஒயர் வாங்கும் வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வரும்போது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பூவராகவன் உடனே செயல்பட்டார். சிவப்பு அட்டையை அப்புறப்படுத்தினார். அதற்குப் பதிலாக நீல நிறத்தில், வழவழப்பாக, புதிய டோக்கன் அடித்தார். அதில் அலைநாச்சியின் படம்: அவிழ்ந்த கூந்தல், உயர்த்திய வாள், கீழே 'அஞ்சாதே!' லைனுக்கு ஒன்று. அதே ஆணி.

சுகிர்தாவின் பயிற்சிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. வாயைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. 'பணித்திறன் போதாமை' என்று இருந்தது. அதைப் பூவராகவன் தன் கையாலேயே கொடுத்தார். எழுந்து நின்று கொடுத்தார், பெண்களை மதிப்பவர்.

"சார்" என்றாள் அவள், வாங்கிக்கொண்டு. "ரெண்டாம் பாகம் எழுதுவீங்களா?"

"எழுதிக்கொண்டிருக்கிறேன் அம்மா."

"அதுலயாவது அவள போவ வுடுங்க சார். பாவம்."

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதில் சுகி என்றொரு துடுக்கான மாலுமிப் பெண் வருகிறாள். தலைவனை எதிர்த்துக் கேள்வி கேட்கிறாள். கேட்ட இரண்டாம் பக்கத்தில் சுறாமீனுக்கு இரையாகி, அலைநாச்சியைக் கண்ணீர் விட வைக்கிறாள். 'நான் நேரில் கண்ட ஒரு வீரப் பெண்ணுக்கு' என்று காணிக்கைப் பக்கம் சொல்கிறது. விமர்சகர்கள் அந்தப் பாத்திரத்தைப் பாராட்டினார்கள். கருங்கொண்டலில் இன்னும் கழிப்பறை இல்லை.

மூன்றாவது லைனில் மட்டும் ஒரு மாறுதல். நீல டோக்கனை அங்கே யாரும் தொடுவதில்லை. போக வேண்டியவள் பக்கத்துப் பலகைக்காரியிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போகிறாள். அவள் இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள். "டோக்கன், டோக்கன்" என்று குப்புராஜ் கத்துவார், ஒரு தலையும் திரும்பாது. எத்தனை பேரின் பேரைத்தான் எழுதிக் கொடுப்பார்? நந்தினி இப்போது பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறாள். பலகைக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க வைத்துக் குடிக்கிறாள்.

சுகிர்தாவுக்கு அதே தொழிற்பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் உள்ளே நுழைந்தவள் இயந்திரங்களைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் மேசையைத் தேடினாள். அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

ஓர் ஆணி இருந்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது. இங்கே மஞ்சள்.

அந்த மேசை யாருடையது என்று கேட்கிறீர்களா? கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கட்சி அலுவலகத்திலும் இருக்கிற அதே மேசைதான். அவரும் நல்லவர்தான். படிப்பவர். பெண் விடுதலைக் கூட்டம் என்றால் முதல் வரிசையில் உட்காருபவர். இந்தக் கதையைப் படித்திருந்தால் பூவராகவனை நினைத்து உங்களைப் போலவே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரித்துக்கொண்டே, தன் கடையில் நாள் முழுக்க நின்று துணி விரிக்கும் பெண் எங்கே போகிறாள், தன் பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் போன கதவு எத்தனை மாதமாக அப்படியே இருக்கிறது, தன் கட்சி மாநாட்டுக்கு லாரியில் ஏற்றி வந்த பெண்கள் பந்தலுக்குப் பின்னால் எதைத் தேடி அலைந்தார்கள் என்பதையெல்லாம் நினைக்காமலேயே புத்தகத்தை மூடியிருப்பார். மார்ச் மாதம் அவரும் பேசுவார். நன்றாகவே பேசுவார்.

முதல் வரியில் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, கதைகளில் தேட வேண்டாம். எழுந்திருங்கள். உங்கள் கடைக்கு, உங்கள் அலுவலகத்துக்கு, உங்கள் லைனுக்குப் போங்கள். மேசைக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். அங்கே ஆணியை அடித்தவர் நீங்களாகவே இருக்கலாம், அல்லது உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவராக இருக்கலாம்; யாராக இருந்தால் என்ன? பெண்ணின் கையில் வாளை அப்புறம் கொடுக்கலாம். முதலில் அந்த ஆணியைப் பிடுங்குங்கள்.